எஸ்தர் டீச்சர் ஏற்றிவைத்த குமிழ்கள்

செய்தி வந்தபோது ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளி ஆயா வாசலில் நின்று, "டீச்சர், எஸ்தர் டீச்சர் போயிட்டாவளாம். போன் வந்துச்சு" என்றாள். எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். கையிலிருந்த சாக்பீஸை எங்கே வைப்பதென்று தெரியாமல், ராஜபாளையம் பஸ் ஏறும்வரை பிடித்துக்கொண்டே போனேன்.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் அவரிடம் இயற்பியல் படித்தவர்கள். சிலர் அவருடன் வேலை பார்த்தவர்கள். நான் வத்திராயிருப்பிலிருந்து அந்தப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஆசிரியர் அறையில் யாரிடமும் பேசமாட்டேன். "வாய் தெறக்காட்டி போகுது, காது இருக்குல்லா? எங்க வீட்டுக்குப் பாட்டுக் கேக்க வா" என்று டீச்சர்தான் ஒரு சனிக்கிழமை ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போனார்.

அவருடைய கணவர் தங்கராஜ் அண்ணாச்சி நூற்பாலையில் ஃபிட்டர். மதுரையில் சொல்லிச் செய்து வாங்கிய டேப் செட்டும் ஆம்ப்ளிஃபயரும் அவர்கள் ஹாலில் இருந்தன. அவற்றின் மேல் ஈக்வலைசர் என்று ஒரு தட்டைப் பெட்டி. அதன் முகத்தில் மேலும் கீழும் தள்ளும் குமிழ்கள் வரிசையாக இருக்கும். இடப்பக்கம் தடித்த ஓசைகளுக்கு, வலப்பக்கம் கீச்சென்று ஒலிக்கும் மெல்லிய ஓசைகளுக்கு. அந்தப் பெட்டியை வைத்துத்தான் அந்த வீட்டில் தீராத சண்டை.

அண்ணாச்சி வலப்பக்கக் குமிழ்களை உச்சிக்கு ஏற்றுவார். டீச்சர் வந்து எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவருவார்.

"பல்லு கூசுதுங்க. பாடினவ எப்படிப் பாடினாளோ அப்படி வரட்டுமே."

"நீ வச்சா கம்பளியப் போத்திக்கிட்டுப் பாடுத மாதிரில்லா இருக்கு."

"அது குமிழோட குத்தம் இல்ல. ஸ்பீக்கர மூலையில வச்சா அப்படித்தான் இருக்கும்."

மூலையிலிருந்த ஸ்பீக்கரை டீச்சர் முன்னால் இழுத்தார். வெறும் சுவரில் கனத்த திரை மாட்டினார். "மொதல்ல வீட்டச் சரிபண்ணணும், பொறவுதான் குமிழத் தொடணும்" என்பார். எனக்குப் பாட்டு அத்தனை தெளிவாகக் கேட்டது. அண்ணாச்சி மட்டும், "இப்பவும் கம்பளிதான்" என்று எழுந்து போனார்.

பிறகு ஒரு நாள், டீச்சர் கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரம் மேஜைமேல் 'கீக் கீக்' என்று அடித்தது. பக்கத்திலேயே அண்ணாச்சி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. அடுப்படியிலிருந்து வந்த டீச்சர் நான் அவரையே பார்ப்பதைக் கவனித்தார். கடிகாரத்தை எடுத்து அவருடைய காதுக்குப் பின்னால் பிடித்தார். அது அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஆலை இரைச்சல் மெல்லிய ஓசைகளைத்தான் முதலில் தின்னும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர் டீச்சர். நேரே போய் வலப்பக்கக் குமிழ்களை உச்சிக்கு ஏற்றினார். "என்னட்டி எஸ்தரு, இன்னைக்கு மழ கொட்டப் போவுது!" என்று அண்ணாச்சி சிரித்தார். பஸ் நிறுத்தத்தில் டீச்சர் என்னிடம், "பாட்டு சரியா வரணும்னே பாத்தேன் பிள்ள. யாருக்கு வரணும்னு பாக்கல" என்றார். அதன்பின் அந்தக் குமிழ்கள் இறங்கவே இல்லை. பல்லைக் கூசவைக்கும் அந்தச் சத்தத்தில்தான் அவர் கடைசிவரை பாட்டுக் கேட்டார்.

நோய் வந்து படுத்தபோது அவருடைய குரல் நூலாக இளைத்தது. அடுப்படியில் நிற்கும் அண்ணாச்சிக்கு அது எட்டவில்லை. சர்ச்சிலிருந்து ஒரு மைக் வாங்கிவந்து ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, கட்டிலருகே வைத்தார். டீச்சர் "தண்ணி" என்று முணுமுணுத்தால் வீடு முழுக்கக் கேட்கும். "என்ன அண்ணாச்சி, வீட்டுக்குள்ளயே கன்வென்ஷன் கூட்டமா?" என்று பக்கத்து வீட்டார் கேலி செய்வார்கள். டீச்சர் மைக்கிலேயே, "ஆமா, காணிக்கையோட வாங்க" என்பார்.

அவர் போன காலையில் அந்தத் தெருவில் கரண்ட் இல்லை. அண்ணாச்சி கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். கிண்ணத்தோடு வந்து பார்த்தபோது டீச்சர் இல்லை. மைக், கட்டிலில் அவர் கைப்பக்கம் கிடந்ததாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணாச்சி எல்லாரிடமும் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். "என்னக் கூப்பிட்டிருப்பாளா?" வந்தவர்கள் குனிந்தபடி, துண்டால் வாயைப் பொத்தியபடி, "கூப்பிட்டிருக்க மாட்டாவ" என்றார்கள். அவருக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அடுத்தவரிடம் திரும்பி மறுபடி கேட்டார்.

நான் அவருக்கு நேரே உட்கார்ந்தேன். என் உதடுகள் அவருக்குத் தெரியும்படி முகத்தை நிமிர்த்தி, வீடு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன்.

"தெரியல அண்ணாச்சி. கூப்பிட்டாவளா இல்லியான்னு யாருக்கும் தெரியாது. கேட்டிருந்தா நீங்க ஓடி வந்திருப்பிய. அது டீச்சருக்குத் தெரியும்."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாதா" என்றார். பிறகு யாரிடமும் கேட்கவில்லை. அப்போதுதான் அழுதார்.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: ஒருவரிடம் ஒன்றைச் சொல்லும்போது, என் கூச்சத்தைப் பார்க்காமல், அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. டீச்சருக்கு நான் சொல்ல நினைத்தவை நிறைய. அவற்றைச் சொல்ல, எதிரே அவர் முகம் இனி இல்லை.