பெயர் ஒன்று, இன்ஜின் வேறு

உதிரிபாகக் கடையில் பதினேழு வருடமாக ஆயில் விற்கிற அவளுக்குப் 'புத்தக அக்கா' என்றே பெயர். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்க்காமல் டப்பாவை நகர்த்தமாட்டாள். மெக்கானிக்குகள் கிண்டல் செய்வார்கள், காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

ஒரு நாள் காலை மட்டும் புத்தகத்தைக் கேட்கத் தவறிவிட்டாள். மகள் படியில் விழுந்துவிட்டாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்திருந்தது. கணவன் ஓடியிருந்தான், இவள் மனசும் அங்கேதான். கழுத்தில் இஞ்சு டேப்போடு ஒரு தையல்காரன் வந்தான். நிறைமாத மனைவியை மறுநாள் மலைமேல் மாமியார் வீட்டில் விட்டு, பிரசவம்வரை தானும் அங்கேயே இருக்கப்போவதாகச் சொன்னவன், தன் காரின் பெயரை மட்டும் சொல்லி ஆயில் கேட்டான். அந்தப் பெயரில் வந்த பழைய வண்டிக்கு ஊற்றும் கெட்டியான 20W-50ஐக் கொடுத்து அனுப்பினாள்.

மகளுக்கு வெறும் சிராய்ப்புதான் என்று தெரிந்து, சோற்றில் கை வைத்தபோது உறைத்தது. பட்டனை அழுத்தினால் கிளம்பும் வண்டி என்று பெருமையடித்தானே! பெயர் அதேதான், இன்ஜின் புதுசு. அதற்கு இளகலான 5W-30 வேண்டும். மலைக்குளிரில் இந்தக் கெட்டி ஆயில் இன்னும் இறுகி, வலி எடுக்கிற நேரத்தில் வண்டி கிளம்பாவிட்டால்? சோற்றை அப்படியே மூடிவைத்தாள். அவனுடைய போன் நம்பர்கூட இல்லை.

சரியான டப்பாவையும் ஃபில்டரையும் பையில் போட்டுக்கொண்டு தையல் கடை தையல் கடையாக ஏறி இறங்கினாள். மூன்று கடையில் உதட்டைப் பிதுக்கினார்கள். நான்காவதில் அவன் துணி வெட்டிக்கொண்டிருந்தான். ஆயிலை ஊற்றிவிட்டானா என்று கேட்டாள்.

"ஊத்தியாச்சே அக்கா. என்ன விஷயம்?"

"தப்பான ஆயில் கொடுத்துட்டேன் தம்பி. புத்தகத்தைக் கேட்டிருக்கணும், கேக்கல. இன்னைக்கே இன்ஜின் போயிடாது. ஆனா இதோட மலை ஏறாதீங்க."

கத்தரிக்கோல் அப்படியே நின்றது. உள்ளே இருந்த மனைவி வயிற்றைப் பிடித்தபடி வந்து, வண்டிப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். 5W-30 என்றுதான் போட்டிருந்தது. புத்தக அக்கா தெருமுனை மெக்கானிக்கை அழைத்து, ஊற்றியதையெல்லாம் வடித்து, ஃபில்டரை மாற்றிப் புதிதாக ஊற்றவைத்தாள். இன்ஜின் ஓடி, ஆயில் எச்சரிக்கை விளக்கு அணைந்த பிறகும் அவளுக்குக் கிளம்ப மனம் வரவில்லை.

அடுத்த பத்து நாளும் கடை போன் அடித்தால் முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தாள்.

பதினோராம் நாள் அவனே வந்தான். மலை வீட்டில் விடியற்காலையில் வலி எடுத்ததாம். கண்ணாடியெல்லாம் உறைபனி. ஒரே அழுத்தில் வண்டி கிளம்பியதாம். பெண் குழந்தை.

"அன்னைக்கு நீங்க ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்" என்றாள்.

"திட்டத்தான் வாயைத் திறந்தேன்க்கா. நீங்க நின்ன கோலத்தைப் பாத்ததும் வரல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அலமாரியில் ஏற்கெனவே நேராக இருந்த டப்பாக்களை நேராக்கினாள்.