ஏழாம் மாதத்தில் பசித்தது

சென்ற வியாழக்கிழமை காலை கொட்டாரம் சந்தையில் சாளை வாங்கிக்கொண்டிருந்தேன். மீன் விற்கும் அம்மாள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரியாதா டீச்சரே? உங்க ஞானம் டீச்சரு தூக்கத்துலயே போயிட்டாவ."

மீனை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன்.

ஞானம் அக்கா எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கும் தையலும் கற்பித்தவர்கள். வயது நாற்பத்திரண்டு. சுதந்திரம் வந்த வருஷம் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோதே தனியாகத்தான் வாழ்ந்துவந்தார்கள். மணமான மறுவருஷம் கணவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார். சில மாதங்களில் கடிதமும் நின்றுபோயிற்று. ஊரே இரக்கப்பட்டது. அக்காவோ மாலையில் என்னோடு வரப்பில் நடக்கையில், வாய்க்காலில் இறங்கிக் கால் நனைக்காமல் வீட்டுக்குப் போக மாட்டார்கள். தீயல் குழம்புக்கு நல்ல சின்ன உள்ளி கிடைத்த நாளில் முகம் மலர்ந்திருக்கும். இதெல்லாம் வெளிவேஷம் என்றே நான் நினைத்தேன். சற்று எரிச்சலும் உண்டு.

எரிச்சலுக்குக் காரணம் என்னிடமே இருந்தது. என் கணவருக்குக் கொல்லத்தில் வேலை. மாற்றல் கிடைத்து அவர் ஊருக்கு வரட்டும், பிறகு வாழலாம் என்று எல்லாவற்றையும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாங்கித் தந்த பட்டுச்சேலைகூட மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு சனிக்கிழமை நண்பகல், அக்கா வீட்டில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தோம். நரைத்த தலையோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். அக்காவின் கணவர். அக்கா எழுந்து கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார்கள். இலை போட்டுச் சோறு பரிமாறினார்கள். கொழும்பில் ஒருத்தியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதை அவரே தலைகுனிந்து சொன்னார்.

"அவளோட ஒத்துப்போகல. இனி இங்கயே இருந்துருதேன், ஞானம்."

அக்கா மோரை ஊற்றிவிட்டுக் கேட்டார்கள்: "மூத்தது என்ன படிக்கி?"

"இப்பதான் எழுதப் பழகுதா."

"அப்பா எங்கேன்னு அது கேக்கும்லா? எனக்கு நீங்க பதில் சொல்லாட்டாலும் போகட்டும். அதுக்குச் சொல்லணும். போங்க."

அவர் போனார். அக்கா அழவில்லை என்று எழுதினால் பொய்யாகும். கிணற்றடியில் ஒரே பாத்திரத்தை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"தேடி வந்த வாழ்க்கைய விரட்டிட்டீங்களே அக்கா! இத்தன வருஷம் காத்திருந்தது எதுக்கு?"

"காத்திருந்தேன்னா நெனச்சே? ஏட்டி, ஆறு மாசம் காத்திருந்தேன். சோறு எறங்கல. ஏழாம் மாசம் ஒருநாள் நல்லாப் பசிச்சுது. தீயல் வச்சுச் சாப்பிட்டேன். ருசியா இருந்துது. அவ்வோ இல்லாமலும் ருசிக்குதேன்னு மொதல்ல வெக்கமாப் போச்சு. பெறவு அந்த ருசி என்ன விட்டுப் போகவே இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். "நீ பெட்டில வச்சிருக்க அந்தப் பட்டுச்சேலையத் திங்கக்கிழமை கட்டிட்டு வா."

கட்டிக்கொண்டு போனேன். மாலையில் அதோடேயே வாய்க்காலில் இறங்கினேன். சேலைக்கரை நனைந்து சாயம் இறங்கியது. இருவரும் வரப்பில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். மாற்றல் வர மேலும் நான்கு வருஷம் ஆயிற்று. அந்த நான்கு வருஷத்தையும் நான் வாழ்ந்தேன்.

கொழும்பிலிருந்து பிறகு ஒரு கடிதம் வந்தது. மூத்த பெண் கோணல்மாணலாகத் தன் கையாலேயே எழுதியிருந்தாள். அக்கா அதைப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டினார்கள்.

வியாழன் மாலை கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, அக்காவின் வீட்டைப் பூட்டப் போனோம். முற்றத்தில் மூன்று சுளகுகளில் உப்பிட்ட மாங்காய்த் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அக்கா இரண்டு நாளுக்கு முன் நறுக்கியவை.

"கெட்டுப்போனா டீச்சருக்கு ஆகாது. அதான் இன்னைக்கும் வெயில்ல எடுத்து வச்சேன்" என்றார் பக்கத்து வீட்டம்மாள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்தது. தலைமையாசிரியையும் அந்த அம்மாளும் நானும் ஆளுக்கொரு சுளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினோம்.

ஒரு துண்டுகூட நனையவில்லை, அக்கா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.