ஜோதி வைத்த ரேகை

எட்டு மாதத்தில் பிறந்து பிழைத்தாள். போடிமெட்டு வளைவில் ஜீப்பு கவிழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தும், மறு வருடமே ஏலத்தோட்டத்துக்குக் கூடையோடு போனாள். ஆண்களே மேஸ்திரியாக இருந்த எஸ்டேட்டில் மேஸ்திரி ஆனாள். கழுத்தில் நெறிகட்டி, அது நிணநீர்ப் புற்று என்று தெரிந்தபின் கீமோவையும் தாங்கினாள். சிலமலை ஜோதி அப்படிப்பட்டவள்.

நோய் திரும்பியபோது சென்னை டாக்டர் ஒரு புது சிகிச்சையைப் பற்றி அவள் கணவன் யோகராஜிடம் விளக்கி, வீட்டில் கலந்து பேசச் சொன்னார். யோகராஜ் ஒரு தாளோடு வந்தான்.

“மாத்திரையே போதுமாம். ரேகை வையி, ஊருக்குப் போவம்.”

அவன் நீட்டிய எதிலும் அவள் கேள்வி கேட்டதில்லை. வைத்தாள்.

ஆடியில் நெறி முட்டை அளவு வீங்கியது. இந்த முறை சென்னைக்கு அக்கா சுப்புத்தாயும் கூட வந்தாள்.

“ஏம்மா, அன்னைக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டீங்களே?” என்றார் டாக்டர்.

“எதைய்யா?”

அவர் மறுபடி விளக்கினார். அவள் ரத்தத்திலுள்ள காவல் அணுக்களை எடுத்து, புற்றை அடையாளம் காட்டும் மரபணுவை அவற்றுக்குள் சேர்த்து, திரும்ப அவளுக்கே ஏற்றுவார்கள். செலவை ஒரு அறக்கட்டளை ஏற்கும்.

“அப்பவே செஞ்சிருந்தா நல்லது. இப்பவும் செய்யலாம், ஆனா அவ்வளவு உறுதி சொல்ல முடியாது.”

ஜோதி கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“ரத்தத்துல வேற மரபணு ஏறுனா குலசாமி கோயில்ல உன் பொங்கப் பானைய ஏத்துக்குவாங்களா? நம்ம மக வித்யாவத்தான் யாரு பொண்ணு கேட்டு வருவாங்க?” என்றான்.

“மாத்துறது அந்த அணுக்கள மட்டுந்தான். பிள்ளைகளுக்குப் போகாது,” என்றார் டாக்டர்.

“நான் செத்துட்டா மட்டும் மாப்பிள்ளைங்க வரிசையில நிப்பாங்களாக்கும்,” என்றாள் ஜோதி. “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. என் விரலப் பிடிச்சே எனக்குக் குழி வெட்டிட்டீங்களே.”

“நம்ம குடும்பத்துக்காகத்தான் ஜோதி…”

“அந்தக் குடும்பத்துல நான் இல்லையா?”

பழக்கத்தில் நர்ஸ் மைப்பெட்டியை நகர்த்தினாள். ஜோதி அதைத் தள்ளிவிட்டுப் பேனா கேட்டாள். தோட்டத்தில் தான் எடுத்த ஏலக்காய் அடுத்தவள் கணக்கில் போகாதிருக்க, சாக்கில் தன் பெயரை எழுதப் பழகியிருந்தாள். தாளில் எழுதியதில்லை. சம்மதம் என்ற இடத்தில் இரண்டு எழுத்தையும் அழுத்தி எழுதினாள். கீழே தேதியை அக்கா சொல்லச் சொல்லப் போட்டாள்: 6.8.2024.