எந்த நாட்டுக் கொடி?

இன்ஷிராஹ் கல்யாணமாகி எகிப்திலிருந்து டமாஸ்கஸ் வந்தபோது எகிப்தும் சிரியாவும் ஒரே நாடு. பிறகு தலைவர்கள் முட்டிக்கொண்டு பிரித்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. 1973இல் இரண்டு நாடுகளும் சேர்ந்து இஸ்ரேலோடு போரிட்டன. எகிப்துப் படையில் இருந்த தம்பி சூயஸ் கரையில் செத்தான். கணவன் கோலான் மேட்டில் ஒரு காலை விட்டுவிட்டு வந்தான். அப்போதும் கேட்கவில்லை.

1979 மார்ச்சில் எகிப்து மட்டும் தனியாக இஸ்ரேலோடு சமாதானம் செய்துகொண்டது. சிரியாவிடமிருந்து இஸ்ரேல் பறித்த கோலான் அப்படியே கிடந்தது. அரபு நாடுகள் எகிப்தை ஒதுக்கின. வேலை பார்த்த தையற்கூடம் இன்ஷிராஹை ஒதுக்கியது. பக்கத்து மெஷின் வஸீலா தன் டீ கிளாஸைக்கூடத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"உங்க எகிப்து அதிபரு கையெழுத்துப் போட்டுட்டாராமே, அக்கா?"

"ஆமா, என் பேனாவ வாங்கிட்டுப் போயிதான் போட்டாரு."

மத்தியானம் முதலாளி அபு ரதீப் வந்து நின்றார். "நாளைக்கு ஊர்வலம். கொளுத்த ஒரு எகிப்துக் கொடி வேணும். நீயே தைச்சாத்தான் ஊரு உன்னை நம்பும். முடியாதுன்னா வேற இடம் பாத்துக்கோ."

இன்ஷிராஹ் எழுந்துபோய், பள்ளிக்கூடத்துக்காகத் தைத்து வைத்திருந்த சிரியக் கொடியை எடுத்து மேஜையில் விரித்தாள். சிவப்பு, வெள்ளை, கறுப்பு, நடுவில் தங்கப் பருந்து.

"இது யாரோடது?"

"நம்மளது."

"எகிப்தோடது எப்படி இருக்கும்?"

அபு ரதீப் குனிந்து பருந்தைப் பார்த்தார். அதுவும் இதேதான். முன்பு போட்ட ஒரு கூட்டணியில் இரு நாட்டுக்கும் ஒரே கொடி வைத்தார்கள். கூட்டணி செத்தும் கொடி மாறவில்லை.

"எகிப்துன்னு பேரு வெச்சுத் தையேன்."

"பேருக்குப் பின்னாடி எரியறது எது? அந்தச் சமாதானத்தை நானும் காறித் துப்பறேன், முதலாளி. அதுக்கு என் தம்பியக் கேட்டாங்களா? ஆனா என் புருஷன் கால் போனது இந்தக் கொடிக்குக் கீழதான்." தீப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "வாசல்ல நின்னு நீங்களே கொளுத்துங்க. போலீஸ்காரன் எந்த நாட்டுக் கொடின்னு கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க."

அவர் தீப்பெட்டியைத் தொடவில்லை. "நாளைலேர்ந்து வராதே."

அவள் தன் கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஊர்வலம் அவள் தெருவழியே வந்தது. கொடிக்குப் பதிலாக ஒரு படுக்கை விரிப்பு. அதில் 'எகிப்து' என்று கறுப்புத் துணி எழுத்துகள். ஒரு முனையை வஸீலா பிடித்திருந்தாள். கணவன் சன்னலைச் சாத்தச் சொன்னான். இன்ஷிராஹ் அகலத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"தையல் கோணிக்கிட்டுப் போகுதே, வஸீலா. நான் இல்லன்னா கடை இப்படித்தான் ஓடுதா?"

வஸீலா நிமிரவில்லை. விரிப்பு எரிந்து புகை மேலே வரும்வரை சன்னல் திறந்தே இருந்தது.