அந்தோனியாருக்குப் போன கோல்

குருநகரில் எமில்ராஜைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். நடுக்கடலில் நின்றுபோன படகு எஞ்சினை எழுப்ப அவனை விட்டால் ஆளில்லை. அவனுடைய கோலைத் தொடவும் அவனை விட்டால் ஆளில்லை.

கோல் என்றதும் மாடு சாய்க்கிற கம்பு என்று நினைத்துவிடாதீர்கள். பில்லியட்ஸ் விளையாடுகிற கோல். கனடாவில் ஒரு கிழவர் தன் வீட்டுக் கராஜுக்குள் இருந்து வருடத்துக்கு ஆறோ ஏழோதான் கையால் கடைந்தெடுப்பாராம். அடிப்பாதி கருங்காலி, மேற்பாதி பால்நிற மேப்பிள். இரண்டையும் பித்தளைப் புரியில் திருகிப் பூட்டவேண்டும். பிடியைச் சுற்றிச் சிப்பித் துண்டுகள் பதித்து, அடியில் பதினேழு என்று இலக்கம் வெட்டியிருக்கும். அந்த மாதிரியில் பதினெட்டாவது கிடையாது. எமில்ராஜின் மச்சான் ஜெறோம் அதை அங்கே ஆசைப்பட்டு வாங்கியவன். தோள்மூட்டு வருத்தம் வந்து விளையாட முடியாமல் போனதும், ஆறு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

அன்று பிடித்தது சனியன் என்பாள் மனைவி றொசாந்தி. காலையில் தேத்தண்ணிக்கு முன்னமே எமில்ராஜ் கோலைச் சீமெந்து நிலத்தில் உருட்டி, வளைந்திருக்கிறதா என்று குப்புறப் படுத்துக் கண்ணை இடுக்கிப் பார்ப்பான். உப்புக்காற்று படாமல் அதற்கென்று ஒரு கறுத்த உறை, உறைக்கு மேல் ஒரு பழைய போர்வை. "எங்கடை மூத்தவன் பிறந்த நேரம்கூட இவர் இப்பிடிப் போத்தி வைக்கேல்லை" என்று அவள் சொல்லாத ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எமில்ராஜ் கோலை முதுகில் மாட்டிக்கொண்டு கொக்குவிலுக்கு மோட்டார்சைக்கிளை விடுவான். அங்கே ரயில் பாதைக்குக் கிட்ட, டினேஸ் என்பவனுடைய கடை மாடியில் இரண்டு மேசை கிடக்கிறது. அங்கே அவனோடு மல்லுக்கு நிற்பவன் றஜிந்தன். குருநகர்ப் பெடியன்தான், ஐஸ் லொறி ஓட்டுகிறவன், நல்ல கைக்காரன். ஆனாலும் முக்கால்வாசி நாள் தோற்பான். தோற்றதும் ஒரே பல்லவி.

"நீங்கள் எங்கை அண்ணை வெண்டது? உங்கடை கோலெல்லோ வெண்டது. ஒருக்காத் தாங்கோ, தொட்டுப் பாப்பம்."

"கை ஈரம். தள்ளி நில்."

ஆறு வருடமும் றஜிந்தனுடைய கை ஈரமாகவே இருந்தது என்றால் பாருங்களேன்.

அப்பேர்ப்பட்ட எமில்ராஜ் இந்த வைகாசி மாதம் தொடர்ந்து நாலு ஞாயிறு தோற்றான். கோல் வளையவில்லை, கை நடுங்கவில்லை, ஆனாலும் பந்து குழிக்குள் இறங்க மாட்டேன் என்றது. யோசித்து யோசித்து அவனே காரணத்தைக் கண்டுபிடித்தான். குருநகரில் புதுப் படகு, புது வலை, புது எஞ்சின் எதுவானாலும் பங்குச் சுவாமியாரிடம் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்காமல் கடலுக்குப் போகாது. இந்தக் கோலை ஆறு வருடமாக மந்திரிக்காமல் வைத்திருக்கிறானே, எப்படி விளங்கும்?

அந்தோனியார் திருநாளன்று ஒரு படகுக்காரர் அவசரமென்று அவனைத் துறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது றொசாந்தியிடம் கோலைக் கொடுத்து, "மேசையிலை வை, சுவாமி மந்திரிப்பார். உறையைத் திறக்கவேண்டாம்" என்று பத்துத்தரம் சொல்லிவிட்டுப் போனான்.

அவளும் மேசையில்தான் வைத்தாள். ஆனால் கோயில் வாசலில் அன்றைக்கு இரண்டு மேசை கிடந்தது. வலப்பக்கத்தில் மந்திரிக்கிற மேசை. இடப்பக்கத்தில் காணிக்கை மேசை. அந்தச் சனநெரிசலில் இடுப்பில் சின்னவளையும் வைத்துக்கொண்டு அவள் எதைக் கண்டாள்! பூசணிக்காய்க்கும் காலில் கயிறு கட்டின சேவலுக்கும் நடுவில் கோலைக் கிடத்தி, சிலுவை போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

காணிக்கை மேசைக்கு வந்த பொருள் அந்தோனியாருடையது. தந்தவர் கேட்டாலும் திரும்பாது, ஏலத்தில்தான் போகும். அது தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். ஏலம் கூறுகிறவர் சந்தியோகு. விடியப்புறம் சந்தையில் மீன் கூறி விற்கிற அதே தொண்டை.

எமில்ராஜ் எண்ணெய்க் கையோடு ஓடிவந்து சேர்ந்தபோது, சந்தியோகு உறையைத் திறந்து கோலின் அடிப்பாதியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது உலக்கையோ, துவக்குப் பிடியோ, எனக்குத் தெரியாது! அந்தோனியாருக்கு வந்த பொருள்! கேளுங்கோ, கேளுங்கோ!"

எமில்ராஜ் சனத்தை இடித்துக்கொண்டு முன்னுக்குப் பாய்ந்தான். "ஐயோ சந்தியோகண்ணை, அது என்ரை!"

"உன்ரையாக் கிடந்தது, தம்பி. இப்ப இவரின்ரை" என்று சந்தியோகு அந்தோனியார் சொரூபத்தைக் காட்டினார். சனம் கொல்லென்று சிரித்தது.

வேறு வழியில்லாமல் தன் கோலைத் தானே ஏலம் கேட்டான். ஆரம்பத்தில் எவரும் போட்டிக்கு வரவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் கூட்டிக் கேட்டது. திரும்பினால் றஜிந்தன்! இவன் ஏற்ற, அவன் ஏற்ற, சந்தியோகுக்குக் குஷி பிடித்துவிட்டது. கடைசியில் றொசாந்தி எமில்ராஜின் முழங்கையைக் கிள்ளினாள்.

"என்னப்பா, மூத்தவன்ரை முதல் நன்மைச் சடங்குக்கு வைச்ச காசு. போதும்."

எமில்ராஜ் வாயை மூடினான். கோல் றஜிந்தனுக்குப் போனது.

றொசாந்தி அழுதேவிட்டாள். "துலைஞ்ச சாமான் எல்லாத்தையும் கண்டுபிடிச்சுத் தாறவர் அந்தோனியார். நான் அவரிட்டையே கொண்டுபோய்த் துலைச்சிட்டனே!" எமில்ராஜுக்கு அவளை ஏசவும் மனம் வரவில்லை. மேசையென்று சொன்னவன், எந்த மேசையென்று சொல்லவில்லையே.

றஜிந்தன் கிட்ட வந்தான். முகத்தில் சிரிப்பும் பயமும் பாதிப்பாதி.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. நான் உந்தக் கோலாலை அடிக்கிறன், நீங்கள் கடைக் கோலாலை அடியுங்கோ. நீங்கள் வெண்டால் கோல் திரும்ப உங்களுக்கு, காசு வேண்டாம். தோத்தியளெண்டால் பிறகு கேக்கக்கூடாது. கோலோ ஆளோ எண்டு பாத்திடுவம்."

ஞாயிறன்று டினேஸின் மாடியில் கால் வைக்க இடமில்லை. மூன்று ஆட்டம். எமில்ராஜ் கடைக் கோலில் உள்ளதற்குள் நேரானது ஒன்றைப் பொறுக்கினான். அதற்கும் நுனி ஆடியது. முதல் ஆட்டம் அவனுக்கு, இரண்டாவது றஜிந்தனுக்கு.

றஜிந்தனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடிக்கு அடி கோலைத் துடைத்தான். மேசை விளிம்பில் முட்டிவிடுமோ என்று முட்டையைத் தட்டுகிறமாதிரித் தட்டினான். இரண்டாவது ஆட்டத்தையே தட்டித் தடவித்தான் வென்றிருந்தான்.

மூன்றாவதில் இரண்டு பேருக்கும் கறுப்புப் பந்து ஒன்றுதான் மிச்சம், அதை விழுத்துகிறவனுக்கு ஆட்டம். எமில்ராஜ் அடித்தான், பந்து குழி வாயில் முட்டி, உருண்டு தூரத்து மூலைக்குக் கிட்டப் போய் நின்றது. இப்போது றஜிந்தன் மேசையின் முழு நீளத்துக்கும் அடிக்கவேண்டும். உரமாக அடித்தால் விழும். தட்டினால் போகாது, போகாவிட்டால் அடுத்த அடி எமில்ராஜுக்கு, கண்ணை மூடிக்கொண்டு போடலாம். கோல் வீட்டுக்கு வந்துவிடும். எமில்ராஜ் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவேண்டும்.

றஜிந்தன் குனிந்தான். நிமிர்ந்தான். சிப்பியைத் துடைத்தான். திரும்பக் குனிந்து, கோலை அரைச் சாண்கூடப் பின்னுக்கு இழுக்காமல் தட்டப் போனான்.

எமில்ராஜால் தாங்க முடியவில்லை. அப்படியொரு கோலை அப்படிப் பிடித்தால் எவனுக்குத்தான் பொறுக்கும்! சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிபோல் கத்திவிட்டான்.

"டேய் விசரா, பயப்பிடாமல் அடியடா! அது அடிக்கவெண்டு செய்த கோலடா!"

றஜிந்தன் அவனைப் பார்த்தான். கோலை முழங்கை பின்னுக்குப் போகும்வரை இழுத்தான். அடித்தான்.

டொக்.

கறுப்புப் பந்து குழிக்குள் விழுந்தது. டினேஸ் தலையில் கை வைத்தான். றஜிந்தன் இரண்டு கையாலும் கோலை எமில்ராஜிடம் நீட்டினான்.

"நீங்கள் சொல்லாட்டி நான் அடிச்சிருக்க மாட்டன் அண்ணை. கொண்டு போங்கோ."

எமில்ராஜ் கோலை வாங்கினான். கண்ணை இடுக்கி நேர் பார்த்தான். தோற்றவன் கேட்கக்கூடாது என்பதுதானே பேச்சு. திருப்பிக் கொடுத்தான்.

"வெயிலுக்கை லொறியிலை வைச்சியோ, முதுகுத்தோல் உரிப்பன்" என்றான்.

வீட்டு வாசலில் றொசாந்தி மெழுகுதிரியும் கையுமாக நின்றாள். அவன் முதுகில் உறை இல்லை. முகத்திலோ பல்லெல்லாம் தெரிந்தது.

"வெண்டியளோ?"

"தோத்திட்டன்."

"பின்னை உதென்ன சிரிப்பு?"

"அந்தச் சத்தம், றொசாந்தி! ஆறு வருசமா நான் அடிக்கேக்கை கோல் வளைஞ்சிட்டுதோ, சிப்பி கழண்டிட்டுதோ எண்டு நினைச்சபடி அடிச்சதிலை, அதின்ரை சத்தத்தைக் கேட்கவே இல்லையப்பா. இண்டைக்குத்தான் கேட்டனான்."