விதைப் பட்டியலுக்கு மேலே ஒரு வரி

திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் விவசாயிகள் குழுவின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதை அமைத்துக் கொடுத்தவள் வேதாரண்யத்தில் கணினி ஆசிரியையாக இருக்கும் என் மகள். படமும் பொத்தானுமாக இருக்கும் பேனல் வழியாகத்தான் நான் தளம் இருக்கும் சர்வருக்குள் போவேன். அவள் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டுவாள். ஓர் எழுத்து பிசகினால் எல்லாம் அழிந்துவிடுமோ என்று நான் அந்தப் பக்கமே போனதில்லை.

"பேனல் திறக்கலைன்னா என்னம்மா பண்ணுவ?" என்பாள்.

"உன்னைக் கூப்பிடுவேன்."

தளங்களுக்குள் திருடர்கள் புகுவதாக எங்கோ படித்துவிட்டு, பேனல், மெயில் எல்லாவற்றிலும் அவரவர் போனுக்கு வரும் ஓடிபி இல்லாமல் நுழைய முடியாதபடி செய்தேன். அவளுடைய கணக்கையும் விடவில்லை. கறுப்புத் திரைக்குப் பூட்டுப் போட மட்டும் எனக்குத் தெரியவில்லை.

வேதாரண்யம் பக்கம் புயல் கரை கடந்த காலையிலிருந்து அவள் போனுக்கு ரிங் போகவில்லை. டவர்கள் சாய்ந்துவிட்டன என்றார்கள். நாகப்பட்டினத்துக்கு அப்பால் பஸ் இல்லை. என் கணவர் பைக்கில் கிளம்புகிறேன் என்றார். மரங்கள் விழுந்து கிடக்கும் சாலையில் அவரையும் அனுப்ப மனம் வரவில்லை. போனைக் கீழே வைக்காமலே சோறு வடித்தேன்.

மறுநாள் மதியம் குழுவிலுள்ள விவசாயி ஒருவர் கூப்பிட்டார். உளுந்து விதை இருக்கிறதா என்று தளத்தைத் திறந்திருக்கிறார்.

"அக்கா, பட்டியலுக்கு மேல ஏதோ எழுதியிருக்கு. அம்மா, ஸ்கூல்ல இருக்கேன், நல்லா இருக்கேன், அழாதன்னு. எழுதினது உங்க பொண்ணாங்க?"

"ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே தளத்தைத் திறந்தேன்.

பள்ளியில் ஜெனரேட்டரும் கேபிள் இணையமும் இருந்திருக்கின்றன. அங்கிருந்த கணினியில் மெயிலைத் திறந்தாலும் பேனலைத் திறந்தாலும், சிக்னல் இல்லாத அவள் போனுக்கு ஓடிபி போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறது. எல்லாம் நான் போட்ட பூட்டு. கறுப்புத் திரை மட்டும் பழைய கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு அவளை உள்ளே விட்டது.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தவள் குளித்துவிட்டு வந்து கேட்டாள்: "அந்த வரிய இன்னும் எடுக்கலையா? ஊரே படிக்குது."

பக்கத்தில் உட்கார்ந்து கறுப்புத் திரையைத் திறக்கச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். அழிக்கும் இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டேன். அவளும் வற்புறுத்தவில்லை.

விதை தீர்ந்து பட்டியலை மாற்றியபோதுதான் அந்த வரி போனது. இப்போதும் அவள் போன் அடிக்காவிட்டால் நான் முதலில் திறந்து பார்ப்பது எங்கள் தளத்தைத்தான்.