கைப்பிடி அருகில் மூன்று பேர்

சகாயமேரி அக்கா இறந்துபோன செய்தி எனக்கு ஒரு சுவரொட்டியில்தான் கிடைத்தது. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில், ஜங்ஷன் சாலை டீக்கடைச் சுவரில் அவர் முகம் இருந்தது. பசை காய்ந்து ஓரம் உரிந்திருந்தது. அடக்கம் முந்தைய நாளே முடிந்துவிட்டது.

"உங்க கம்பெனியில இருந்த பொம்பளதான? நீ போவல?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"லீவு கெடைக்கலண்ணே."

"நேத்து ஞாயித்துக்கெழமடா."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். என் தெருவிலிருந்து அக்கா வீட்டுக்குச் சைக்கிளில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை என்று இரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் சிறு நூலில் எழுதும்படி அவர் தம்பி லூர்து கேட்டிருக்கிறான். நம் ஜாடிக் கொட்டகையில் நன்றாக எழுதத் தெரிந்தவன் நான்தான் என்பது அவன் நினைப்பு. கூட வேலை பார்க்கும் உங்கள் நினைப்பும் அதுதான். என் எழுத்து எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் வேலை உங்களுக்குத் தெரியும். தெரியாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன். சூளையிலிருந்து இறங்கும் ஊறுகாய் ஜாடிகளைத் தரம் பிரிப்பது அவர் வேலை. ஜாடியை இடது கையில் ஏந்தி, சின்ன மரக்குச்சியால் விளிம்புக்குக் கீழே ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் வலப்பக்கம். டொக் என்றால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல், இடப்பக்கம். அவர் வலப்பக்கம் வைத்ததை நான் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவேன். ஆறு வருடம் அப்படி அருகருகே உட்கார்ந்திருந்தோம். ஒருநாள் பளபளவென்று இருந்த ஜாடி ஒன்றை அவர் இடப்பக்கம் தள்ளினார்.

"நல்லாத்தான்க்கா இருக்குது."

"சூளைய வுட்டு முழுசா வந்துட்டா நல்ல சரக்கா? பாக்குறதுக்கு எல்லாந்தான் நல்லா இருக்குது. நீகூடத்தான் இருக்குற."

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

லூர்து அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் சிடி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். மங்கலம்பேட்டையில் ஒரு கடையை மூடியபோது ஒரு மூட்டை சிடியை மொத்தமாக எடுத்து வந்தான். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்து போட்டவை. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் விண்வெளிப் படங்கள். கப்பல் உடையும், காற்று தீரும், நாலு பேரில் ஒருவரோ இருவரோ பூமிக்குத் திரும்புவார்கள். ஒருத்தரும் வாடகைக்கு எடுக்கவில்லை. அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா வீட்டு இலவச டி.வி.யில் நாங்களே பார்த்தோம். அக்கா, லூர்து, சூளை எரிக்கும் கலியமூர்த்தி அண்ணன், நான். வேறு படம் இல்லாததால் பார்த்ததையே மறுபடியும் பார்த்தோம். உறையில் பெயர் இல்லை. தண்ணிப் படம், பெட்டிப் படம், கயிற்றுப் படம் என்று நாங்களாகப் பெயர் வைத்தோம்.

"ஏம்மா மேரி, வாரம் பூரா சூளைக்கு முன்னாடி வேவுறேன். இங்க வந்தும் ஒருத்தன் மூச்சு முட்டி சாவறதத்தான் பாக்கணுமா? ஒரு பாட்டுகூட இல்ல" என்பார் கலியமூர்த்தி அண்ணன்.

"பாட்டு வேணும்னா நீ பாடு. கரண்டு போனதும் பாடு."

கரண்டு போகும். அவரும் பாடுவார். கரண்டு சீக்கிரம் வரவேண்டும் என்று நாங்கள் வேண்டிக்கொள்வோம்.

ஜாடியைத் தட்டுவதுபோல் அக்கா படங்களைத் தட்டிப் பார்த்தார். "மொத தடவ யாரு பொழைப்பாங்கன்னு பாக்குறோம். அது தெரிஞ்சப்பறந்தான் படத்தயே பாக்க முடியுது" என்பார். தண்ணிப் படம் முதல் தடவை எங்களை நாற்காலி நுனியில் உட்கார வைத்தது. கப்பலில் குடிநீர் தீர்ந்து பத்து நாள் தவிக்கிறார்கள். இரண்டாவது தடவை அக்கா ஐந்தே நிமிடத்தில் அதை முடித்துவிட்டார். "நாக்கு வறண்டவன் இவ்ளோ பேசுவானா? ஒதடு இந்த சீன்ல வெடிச்சிருக்குது, அடுத்த சீன்ல ஆறிப்போச்சு. டொக்கு." பெட்டிப் படம் நேர்மாறு. அலமாரி அளவுள்ள ஒரு பெட்டிக்குள் ஒரு பெண் தனியாக மிதந்துகொண்டே இருப்பாள். முதல் தடவை கலியமூர்த்தி அண்ணன் குறட்டை விட்டார், நான் பேப்பர் படித்தேன். இரண்டாவது தடவை அக்காதான் காட்டினார். தன் மூச்சு படிந்த கண்ணாடியை அந்தப் பெண் ஒரே துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். துணி ஒவ்வொரு தடவையும் கூடுதலாக அழுக்காகிறது. கடைசியில் துடைப்பதை நிறுத்திவிடுகிறாள். "கணீர்னு இருக்குது" என்றார் அக்கா.

கயிற்றுப் படத்தை முதல் தடவை பார்த்தபோது நாலு பேரும் அழுதோம். கப்பலில் நாலு பேர், காற்று மூன்று பேருக்குத்தான். வயதான மெக்கானிக் ஓட்டையை அடைக்க வெளியே போகிறார். அடைத்து முடித்ததும் இடுப்புக் கயிற்றைத் தானே கழற்றிவிட்டு இருட்டுக்குள் மிதந்து போய்விடுகிறார். உள்ளே மூன்று பேர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கதறுகிறார்கள். நான் அப்போது ஜெராக்ஸ் எடுத்து விநியோகிக்கும் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்திக்கொண்டிருந்தேன். அதில் மூன்று பக்கம் எழுதினேன். தன்னையே தந்த மாமனிதன், தியாகத்தின் உச்சம் என்றெல்லாம். இரண்டாவது தடவை பார்க்கும்வரை காத்திருக்கவில்லை. உங்களில் பலர் என் கையைக் குலுக்கினீர்கள்.

அந்த மழைக்காலத்தில்தான், வெளிக்கொட்டகை ஒழுகுகிறது என்று, கல்லைப் பொடியாக்கும் உருளையை முதலாளி தரம் பிரிக்கும் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். மழை நின்றது, உருளை நகரவில்லை. நாள் முழுக்க வெள்ளைத் தூசி. அக்காவின் புருவம் நரைத்ததுபோல் இருக்கும். பெண்கள் முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு இருமினார்கள். உருளை போடும் சத்தத்தில் ஜாடியின் சத்தம் கேட்கவில்லை. விரிசல் விட்ட ஜாடிகள் வலப்பக்கம் போயின, வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள், திட்டு மட்டும் பெண்களுக்கு விழுந்தது.

மனு எழுதலாம் என்றது நான். ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசியதும் நான். அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பெரிய வார்த்த எல்லாம் வேணாம்டா. எந்திரத்த நவுத்துங்கன்னு மட்டும் எழுது." நான் கேட்காமல் சுரண்டல், அடக்குமுறை என்றெல்லாம் எழுதினேன். முதல் கையெழுத்துப் போட யாரும் முன்வராதபோது, அக்கா ஜாடி மூடி ஒன்றைத் தாளில் கவிழ்த்துச் சுற்றிலும் பென்சிலால் வட்டம் போட்டார். "இதச் சுத்திப் போடுங்க. யாரு மொதல்லன்னு சாமிக்கே தெரியாது." பதினான்கு பேர் போட்டோம்.

முதலாளி எங்கள் இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டார். தாள் அவர் மேசையில் கிடந்தது.

"என்னா இது, கோலமா?" என்றார். "கையெழுத்த வட்டமா போட்டா போதுமா? எழுத்து யாருதுன்னு எனக்குத் தெரியாதா? சரக்கு லிஸ்ட்டெல்லாம் இவன்தான எழுதுறான்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினார். "நான்தாங்க எழுதச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதுனான். அவனுக்கு இதுல ஒண்ணுமில்லீங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "அப்படியா?"

"ஆமாங்க" என்றேன்.

அதோடு முடிந்திருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்வேன். முடியவில்லை. முதலாளி ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "இவங்க சொன்னா எழுதுவல்ல? இப்ப நான் சொல்றேன், எழுது." எழுதினேன். உடல்நலக் காரணங்களால் நானே விரும்பி வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன், இப்படிக்கு சகாயமேரி. அழித்தல் திருத்தல் இல்லாமல், வரி கோணாமல் எழுதினேன். ஒரு நகலும் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். அக்கா எட்டாவது வரை படித்தவர். நிதானமாக முழுவதும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் என் தோளைத் தட்டினார்.

"கையெழுத்து அழகா இருக்குதுடா" என்றார்.

மறுநாள் உங்களிடம் என்ன சொன்னேன் என்பது ஞாபகம் இருக்கும். அக்காவுக்கு உடம்புக்கு முடியவில்லை, நமக்குப் பிரச்சினை வரக்கூடாது என்று தானாகவே விலகிக்கொண்டார் என்றேன். எவ்வளவு பெரிய மனசு என்றீர்கள். ஆமாம் என்றேன். மற்றப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட அது உண்மையா என்று அவரிடம் கேட்கவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் நீங்கள் கேட்காமல் இருந்தது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு ஞாயிறு போகவில்லை. மூன்றாவது ஞாயிறு லூர்து வந்து இழுத்துக்கொண்டு போனான். "கயித்துப் படம் ரெண்டாவது தடவயாம். நீ இல்லாம போடக் கூடாதுன்னுட்டுது அக்கா." அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது. மெக்கானிக் கயிற்றில் கை வைக்கும் இடம் வந்ததும், "நிறுத்துடா லூர்து" என்றார்.

படம் நின்றது.

"கண்ணாடிக்குப் பக்கத்துல செவப்பா ஒரு கைப்பிடி இருக்குது, பாருங்க. அதச் சுத்துனா கயிறு உள்ள வரும். மொத சீன்லயே சுத்திக் காட்டுறாங்க. இப்ப ஓட்டு."

அவர் எண்ணத் தொடங்கினார். மெக்கானிக் கயிற்றைப் பிடித்தபடி திரும்பி உள்ளே பார்க்கிறார். அக்கா பதினொன்று எண்ணும்வரை பார்க்கிறார். மூன்று பேரும் கைப்பிடிக்கு எட்டும் தூரத்தில்தான் நிற்கிறார்கள். ஆறு கைகளில் ஒன்றுகூட அசையவில்லை. அதன் பிறகுதான் அவர் கழற்றுகிறார்.

"சுத்தியிருந்தா வந்திருப்பானா?" என்றார் கலியமூர்த்தி அண்ணன்.

"வந்திருப்பான். வந்தா காத்து பத்தாது."

"அப்ப அவங்க மூணு பேரும் கெட்டவங்கன்ற?"

"கெட்டவங்க இல்ல. பயந்துட்டாங்க. பயந்தா தப்பு இல்ல. ஆனா அப்பறம் அழுவுறாங்க பாரு, எப்பேர்ப்பட்ட தியாகின்னு. அதான் டொக்குங்குது."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. டி.வி.யைத்தான் பார்த்தார். அவர் பதினொன்று எண்ணினார். அன்று முதலாளி அறையில் யாராவது எண்ணியிருந்தால் நான் "ஆமாங்க" சொல்வதற்குள் இரண்டுகூட வந்திருக்காது.

டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது சொன்னார்: "நீ நல்லாத்தான் எழுதியிருந்த. மொத தடவ பாத்துட்டு எழுதிட்ட, அவ்ளோதான். திருப்பி எழுது."

எழுதவில்லை. அந்த வீட்டுக்கும் போகவில்லை. காசநோய் என்று மாத்திரை கொடுக்கிறார்கள், குணம் தெரியவில்லை என்று கலியமூர்த்தி அண்ணன் அவ்வப்போது சொல்வார். போய்ப் பார்க்கிறேன் என்பேன். கடைசி மாதங்களில் அவரால் படுக்க முடியவில்லையாம், உட்கார்ந்தே தூங்கினாராம். இதுவும் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

போன வாரம் லூர்து இந்த நூலின் முதல் பக்கத்தைத் திருத்தக் கொண்டுவந்தான். அக்காவின் வாழ்க்கைக் குறிப்பு. நடுவில் ஒரு வரி: "உடல்நலக் காரணங்களால் தாமே விரும்பி வேலையிலிருந்து விலகினார்."

"இது எங்கருந்து எடுத்த?"

"அக்கா பைபிளுக்குள்ள ஒரு தாள் வச்சிருந்துச்சு. ஒன் எழுத்துதான, சரியா இருக்கும்னு அப்பிடியே போட்டுட்டேன்."

அந்த வரியை அடித்தேன். மேலே எழுதினேன்: "தூசியைப் பற்றி மனு கொடுத்ததற்காக இவரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். மனுவை எழுதியவன் வேறு. தானே விலகியதாக இவர் பெயரில் கடிதம் எழுதியவனும் அவன்தான்." அதற்குக் கீழே என் பெயரைப் போட்டேன்.

லூர்து வாசித்தான். "மொதலாளி பூசைக்கு வராருடா" என்றான்.

"தெரியும். அவருக்கும் ஒண்ணு குடு."

அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனான்.

உருளை இன்றும் அதே இடத்தில்தான் ஓடுகிறது. அதன் பக்கத்தில் ஐந்து பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா திருப்பி எழுதச் சொன்னதை இப்போதுதான் எழுதியிருக்கிறேன், அவர் தட்டிப் பார்க்க முடியாத காலத்தில். அவருடைய மரக்குச்சியை லூர்து எனக்குத் தர வந்தான். மேசையில் அவர் இடத்தில் உட்காரும் ஜெயாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். என்னிடம் அக்காவுடையது ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, என் தோளைத் தட்டி, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அவர் சொன்னாரே, அது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.